பாட்டு அதிரும்போது ஹெட்லைட் மங்குதா? உப்புக்காற்று ஊர்க்காரங்க கார் ஆடியோ வயரிங்கில் கவனிக்க வேண்டியவை!

ராத்திரி எட்டு மணிக்கு மேல தூத்துக்குடி பீச் ரோடு பக்கம் போய்ப் பாருங்க. கண்ணாடியை இறக்கிவிட்டு நிற்கிற கார்களில் ஒண்ணாவது சப்-ஊஃபர் அதிர நிற்கும். பாட்டில் பாஸ் விழும் ஒவ்வொரு தடவையும் ஹெட்லைட் லேசா மங்கி, திரும்பப் பிரகாசமாகும். அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறவங்களும் உண்டு. 'லைட்டே டான்ஸ் ஆடுது மக்கா' என்று கமென்ட் வேற.

அந்த லைட் டான்ஸ் ஆடலைங்க. பசியில தள்ளாடுது. ஆம்ப்ளிஃபயர் ஒரே இழுப்பில் கரன்ட்டை உறிஞ்சும்போது வண்டியின் மொத்த வோல்டேஜும் இறங்குகிறது என்பதற்கான அடையாளம் அது. உங்க கார் உங்களுக்குக் கொடுக்கும் முதல் வார்னிங் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சவுண்டு கூட்டாதீங்கனு அட்வைஸ் பண்ற கட்டுரை இல்லை இது. சவுண்டு வேணும்னா அதுக்கான வயரிங் எப்படி இருக்கணும், நம்ம கடற்கரையில் அது ஏன் மற்ற ஊர்களைவிட முக்கியம் என்பதுதான் விஷயம்.

கண்ணூரில் நடந்தது

2023 பிப்ரவரி 2. கேரள மாநிலம் கண்ணூரில், பிரசவத்துக்காக மருத்துவமனைக்குக் கிளம்பிய கர்ப்பிணி ஒருவரும், காரை ஓட்டிய அவர் கணவரும் மருத்துவமனை கிட்டத்தட்ட கண்ணில் தெரியும் தூரத்தில் காரோடு எரிந்து இறந்துபோனார்கள். பின் சீட்டில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். முன் கதவுகளைத் திறக்க முடியவில்லை. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. மோட்டார் வாகனத் துறையின் முதற்கட்ட ஆய்வு ஷார்ட் சர்க்யூட்டைத்தான் சுட்டிக்காட்டியது. வெளியே வாங்கிப் பொருத்தும் கேமரா, ஸ்பீக்கர் போன்ற கூடுதல் கருவிகளின் வயரிங் பக்கம் கேரளாவில் பேச்சு திரும்பியது அதற்குப் பிறகுதான்.

உண்மையில் அங்கே இந்தப் பேச்சு அதற்கு முன்பே கோர்ட்டில் நடந்திருக்கிறது. 2019-ல் ஒரு வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் டூரிஸ்ட் பஸ்களின் நிலையை விரிவாகவே எடுத்துச் சொன்னது. பல ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று சொல்லிக்கொள்ளும் ஆடியோ செட், பூஸ்டர், ஆம்ப்ளிஃபயர், சுழலும் டி.ஜே. லைட் எல்லாவற்றையும் ஏற்றி, ஏ.சி. மின்சாரத்தையும் டி.சி. மின்சாரத்தையும் ஒரே வண்டிக்குள் கலந்து ஓட்டுவது பயணிகளுக்குத் தீ ஆபத்து என்பது நீதிமன்றத்தின் கருத்து. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் ஒரு டூரிஸ்ட் பஸ் அரசுப் பஸ்ஸில் மோதி 9 பேர் இறந்தபோது பிடி இன்னும் இறுகியது. அது தீ விபத்து இல்லை; வேகம் சம்பந்தப்பட்டது. ஆனாலும் பஸ்ஸுக்குள் நடக்கும் கச்சேரி மீண்டும் விசாரணைக்கு வந்தது.

இங்கே நம்ம பக்கம்? ஷேர் ஆட்டோவில் தொடங்கி மினி பஸ், கல்யாண வேன், உப்பு லாரி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரைக்கும் பாட்டு இல்லாம வண்டி நகராது. எனக்கு அது பிடிக்கும். தென்மாவட்ட மினி பஸ் ஜன்னல் சீட்டும் பழைய பாட்டும் ஒரு சொர்க்கம்தான். சிக்கல் ஸ்பீக்கரில் இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் கரன்ட் எந்த வழியாகப் போகிறது என்பதில் இருக்கிறது.

'12 வோல்ட்தானே... ஷாக்கா அடிக்கப்போகுது?'

பல பேர் ஏமாறும் இடம் இதுதான். வீட்டில் 230 வோல்ட் பிளக்கைத் தொட பயப்படுகிற நாம, கார் பேட்டரி வயரைப் பல்லால் கடித்து இன்சுலேஷன் உரிக்கிறோம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, வாஸ்தவம். ஆனா அது நெருப்பு வைக்கும்.

வோல்ட் குறைவாக இருந்தால், அதே வாட் கிடைக்க ஆம்பியர் ஏறியாக வேண்டும். வீட்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் எடுப்பது 4 ஆம்பியர் சொச்சம். காரில் 1,000 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபயர் முழு சத்தத்தில் ஓடினால்? 'கிளாஸ் டி' வகை ஆம்ப்ளிஃபயர் வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவிகிதத்தைத்தான் சத்தமாக்கும். ஆக, உள்ளே 1,250 வாட் போக வேண்டும். இன்ஜின் ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டால் வகுத்தால் 90 ஆம்பியர். பழைய 'கிளாஸ் ஏபி' வகை என்றால் 130-ஐத் தாண்டும். பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடாது, சராசரி இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வயரும் ஃபியூஸும் தாங்க வேண்டியது சராசரியை இல்லை, உச்சத்தை.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. சின்ன ஹேட்ச்பேக் கார்களின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர்தான். அதிலேயே ஏ.சி. ப்ளோயர், ஹெட்லைட், இன்ஜின் கம்ப்யூட்டர், ஃப்யூயல் பம்ப் எல்லாம் பங்கு கேட்கும். ஐடிலிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் பாதியளவுக்குத்தான் கொடுக்கும். மிச்சத்தை பேட்டரி கைக்காசு போட்டு ஈடுகட்டும். ஹெட்லைட் மங்குவது அப்போதுதான். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் பாட்டு மட்டும் ஓடவிட்டால் இன்னும் மோசம். 35 ஏ.ஹெச். பேட்டரியில் சராசரியா 30 ஆம்பியர் இழுத்தால் முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் காலி. அப்புறம் பீச் ரோட்டில் நாலு பேர் வண்டியைத் தள்ளணும்.

சரி, பாக்ஸில் '3,000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே? அதை நம்பாதீங்க. பி.எம்.பி.ஓ. என்பது ஒரு நொடியின் சிறு துளி நேரத்துக்கான கற்பனை எண். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்க, அது பொய் சொல்லாது. 30 ஆம்பியர் ஃபியூஸ் ரெண்டு இருந்தால் மொத்தம் 60 ஆம்பியர். 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட். அதில் 80 சதவிகிதம், சுமாராக 660 வாட். அந்த '3,000 வாட்ஸ்' ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து தரக்கூடியது அவ்வளவுதான். கடையில் நின்றபடியே போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஒருவகையில் இது நல்ல செய்தி. நிஜ வாட் குறைவு என்றால் வயரிங் செலவும் குறையும்!

வயர் வாங்கும்போது கத்தி எடுத்துட்டுப் போங்க

கார் ஆடியோ கடைகளில் 'கிட்' என்று ஒரு பாக்கெட் தொங்கும். பவர் கேபிள், எர்த் கேபிள், ஆர்.சி.ஏ. வயர், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் அடக்கம். மேலே '4 கேஜ்' என்று அச்சடித்திருக்கும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும். நிஜமான 4 கேஜ் என்றால் உலோகத்தின் குறுக்களவு 21 சதுர மி.மீ. இருக்கணும், 8 கேஜ் என்றால் 8 சதுர மி.மீ. சொச்சம். மலிவான கிட்டுகளில் பிளாஸ்டிக் உறை மட்டும் கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே கம்பி ஒல்லிப்பிச்சானா இருக்கும். அதனால கேஜைக் கேட்காதீங்க, 'எத்தனை ஸ்கொயர் எம்.எம்., அண்ணாச்சி?' என்று கேளுங்க.

அடுத்த கேள்வி, உள்ளே இருப்பது செம்பா என்பது. பல கிட்டுகளில் இருப்பது சி.சி.ஏ. எனப்படும், செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெளியே செம்பு நிறம். ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகப் பல்லிளிக்கும். கையில் தூக்கினாலே எடை குறைவு தெரியும். செம்பு கடத்தும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 60 சதவிகிதத்தைத்தான் அலுமினியம் அதே தடிமனில் கடத்தும். உள்ளூரில் ஒரு நல்ல மனசுக்காரர், 'ஒரு சைஸ் பெருசா போட்டா போதும் தம்பி' என்பார். மதுரையிலோ சேலத்திலோ அது ஓரளவு சரி. தூத்துக்குடியில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காரணம் உப்பு. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு நம்ம மாவட்டத்தில். உப்பு விளையும் ஊரின் காற்றில் என்ன இருக்கும்? கடல்காற்றோடு வரும் உப்புத் துகள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால், அங்கே ஒரு குட்டி பேட்டரியே உருவாகி அலுமினியம் அரிக்கப்படும். லக் அடித்த முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான். சுத்தமான செம்பும் பச்சை பூக்கும் என்றாலும் இவ்வளவு வேகமாக விட்டுப்போகாது. நம்ம ஊருக்கு ஏற்றது ஒண்ணு சொல்லட்டுமா? வெள்ளீயம் பூசிய செம்பு வயர். படகு வயரிங்குக்கென்றே தயாரிக்கப்படும் வகை. கொஞ்சம் விலை அதிகம். கடலுக்குப் போகும் படகுக்குத் தேவையானது கடலை ஒட்டி நிற்கும் காருக்கும் பொருந்தும்தானே?

வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிச்சமான 4 ஸ்கொயர் வயரை ரெண்டா முறுக்கி ஆம்ப்ளிஃபயருக்கு இழுப்பதும் நடக்கிறது. அந்த உறை சுவருக்குள் ஆடாமல் அசையாமல் கிடப்பதற்காகச் செய்தது. இன்ஜின் சூடு, ஆயில், இடைவிடாத அதிர்வு இதெல்லாம் அதற்குப் பழக்கமில்லை.

மெல்லிய வயர் போட்டால் என்ன ஆகும்னு ஒரு கணக்கு. பேட்டரியில் இருந்து டிக்கி வரை 5 மீட்டர். நல்ல செம்பு, 8 கேஜ். 90 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 0.9 வோல்ட் காணாமல் போகும். 80 வாட்டுக்கு மேல் வெப்பமாக கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும். அதே தூரம் 4 கேஜ் என்றால் வெப்பம் பாதிக்கும் கீழே. சி.சி.ஏ. என்றால் எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்க.

ஃபியூஸ் யாருக்கு? ஆம்ப்ளிஃபயருக்கு இல்லை!

முத்துக்குளித்துறை என்று பேர் வாங்கிய கடற்கரை இது. அந்தக் காலத்தில் முத்துக்குளிக்க இறங்குகிறவர் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை படகில் நிற்பவர் கையில். கயிறு ஆடியதும் நொடியில் இழுத்துவிட வேண்டும். அதனால் மச்சான்தான் கயிறு பிடிக்கணும் என்று சொல்வார்கள். அக்கா தங்கச்சி தாலி சம்பந்தப்பட்ட விஷயமாச்சே! கயிறு பிடிக்கிறவர் கரையில் உட்கார்ந்திருந்தால் பிரயோஜனம் உண்டா?

மெயின் ஃபியூஸும் அப்படித்தான். அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற இல்லை, அந்த நீள வயரைக் காப்பாற்ற. ஆம்ப்ளிஃபயரில் ஏற்கெனவே அதற்கான ஃபியூஸ் இருக்கிறது. ஆனால் பேட்டரிக்கும் டிக்கிக்கும் நடுவில் 5 மீட்டர் வயர் கிடக்கிறதே, அது எங்காவது இரும்பில் உரசி உறை கிழிந்தால் பேட்டரி தன்னிடம் இருக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் அந்த ஓட்டை வழியாகக் கொட்டும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆக, மெயின் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 செ.மீ.க்குள் இருந்தாக வேண்டும். எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே. டிக்கிக்குள் அழகாக ஒளிரும் ஃபியூஸ் ஹோல்டர் மட்டும் வைத்துவிட்டு, பானெட்டுக்குள் ஒன்றும் வைக்காத வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கரையில் உட்கார்ந்திருக்கும் மச்சான்.

அளவு? வயரைப் பார்த்துதான் முடிவு. நல்ல செம்பில் 8 கேஜுக்கு 50 - 60 ஆம்பியர், 4 கேஜுக்கு 100 - 125, 0 கேஜுக்கு 250 என்பது பொதுவான கணக்கு. ஆம்ப்ளிஃபயருக்கு அதைவிடக் குறைவாகப் போதும் என்றால் சின்ன ஃபியூஸே போடுங்க. 'அடிக்கடி போகுது' என்று பெரிய ஃபியூஸ் மாற்றுவதும், சிகரெட் சில்வர் பேப்பரைச் சுற்றிச் செருகுவதும் ஒரே ரகம். ஃபியூஸ் போவது பிரச்னை இல்லை. பிரச்னையைச் சொல்ல வந்த ஆள் அது.

பானெட்டிலிருந்து கேபினுக்குள் வயர் நுழையும் இடத்தையும் விடாதீங்க. அந்த இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு வயரை அப்படியே நுழைத்தால், தினமும் அதிர்ந்து அதிர்ந்து தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி உறையை அறுக்கும். ரப்பர் குரோமெட் ஒன்று போதும், அதன் விலை டீக்காசு. பானெட்டுக்குள் நெளிவு நெளிவான கறுப்பு ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள் வயர் போகணும், சைலன்சர், மேனிஃபோல்டு பக்கம் போகக் கூடாது. பவர் வயரை ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. வயரை மறுபக்கமும் இழுத்தால் 'உய்ய்ங்' என்ற இன்ஜின் சத்தம் ஸ்பீக்கரில் வராது என்பது போனஸ்.

எர்த்... பாதி கேஸ் இங்கேதான்

பாசிட்டிவ் வயருக்கு ஆயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு, எர்த்தை சீட் பெல்ட் போல்ட்டிலோ, பெயின்ட் அடித்த தகட்டிலோ ஒரு ஸ்க்ரூ போட்டு முடித்துவிடுகிறார்கள். பாசிட்டிவ்வில் போகும் 90 ஆம்பியரும் எர்த் வழியாகத்தான் திரும்பணும் என்பதை மறந்துபோகிறோம். அந்த ஒரு நட்டில் வெறும் 10 மில்லி ஓம் தடை இருந்தால்கூட, 81 வாட் வெப்பம். ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை ஒரே நட்டில் ஒட்டி வைத்ததுபோல!

பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரியணும். பாசிட்டிவ் எவ்வளவு தடிமனோ எர்த்தும் அதே தடிமன், முடிந்தால் 45 செ.மீ.க்குள் குட்டையாக. இறுக்கியபின் மேலே கிரீஸோ, பெட்ரோலியம் ஜெல்லியோ தடவி மூடணும். இல்லாவிட்டால் சுரண்டிய இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருவாகும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது, அது உயிர்காக்க இருப்பது. லக்கை கட்டிங் பிளேயரால் நசுக்காமல், அதற்கான கிரிம்பிங் டூல் வைத்து அடிக்கச் சொல்லுங்க. ஜாயின்ட்டில் கறுப்பு டேப் சுற்றுவது வேண்டாம். நம்ம வெயிலில் டேப்பின் பசை உருகி, டேப் தானே கழன்று தொங்கும். ஹீட் ஷ்ரிங்க் டியூப் கேளுங்க.

'கெபாசிட்டர் ஒண்ணு வெச்சா லைட் மங்காதாமே?' என்றொரு கேள்வி எப்பவும் வரும். நொடியின் ஒரு சிறு பகுதிக்கு உதவும், அவ்வளவுதான். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் கொடுக்காத கரன்ட்டை அது எங்கிருந்து கொண்டுவரும்? அதற்குச் செலவழிக்கும் காசில் பேட்டரி - பாடி எர்த், இன்ஜின் - பாடி எர்த், ஆல்டர்னேட்டர் - பேட்டரி வயர் மூன்றையும் தடிமனாக மாற்றுங்கள். சின்ன சிஸ்டத்துக்கு அதுவே போதும். அப்படியும் போதாமல் டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைப்பவர்கள், தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரியை வைக்கவே கூடாது. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் மூடிய டிக்கிக்குள் தேங்கும். சீல் செய்த ஏ.ஜி.எம். வகைதான் சரி. ரெண்டு பேட்டரிக்கும் நடுவே ஐசொலேட்டரும், ரெண்டு முனையிலும் ஃபியூஸும் வேண்டும்.

லாரி ஓட்டுற அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை

துறைமுகத்துக்கு வந்துபோகும் லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி ரெண்டை வரிசையாக இணைத்தது. கார் ஸ்டீரியோவை ஓட்ட, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை 'டேப்' பண்ணுவது வழக்கம். பாட்டு பாடும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு பேட்டரி எப்போதும் அரைப்பட்டினி கிடக்கும், இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். கடைசியில் ரெண்டுமே சீக்கிரம் போகும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்குங்க. அதிலும் ஆம்பியர் பார்த்து வாங்கணும். 500 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு 45 ஆம்பியர் தேவை என்றால், 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒரு பாட்டுக்கே சூடாகிவிடும். பெட்ரோல், எல்.பி.ஜி. டேங்கர் ஓட்டுபவர்கள் கூடுதல் வயரிங் எதையுமே யோசிக்காதீங்க. மொபைலும் இயர்போனும், அதுவும் வண்டி நிற்கும்போது மட்டும்!

வெள்ளத்தில் நின்ற கார் உங்ககிட்ட வந்திருக்கா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. நூற்றுக்கணக்கான தெருக்களில் கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவி, பாலிஷ் போட்டு, செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு வண்டியில் ஆம்ப்ளிஃபயர் ஏற்றுவது, ஏற்கெனவே பிளந்த சுவரில் ஆணி அடிப்பது மாதிரி.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க. கடைசி அரை அடியில் சேறு கறை இருந்தால் புரிந்துவிடும். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கிறதா பாருங்க. ஸ்டெப்னி டயர் குழியில் வண்டல் இருக்கிறதா, கார்ப்பெட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்க. இதில் ஏதாவது இருந்தால், முதலில் பழைய வயரிங்கை ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு அப்புறம் பாட்டைப் பற்றி யோசிப்போம்.

எலெக்ட்ரிக் கார் வந்தாச்சே, அதில்?

2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தாச்சு. வி.எஃப்.6, வி.எஃப்.7 என்று நம்ம ஊர்ப் பெயர் சொல்லி கார்கள் வெளியே வருகின்றன. 'அதில்தான் பெரிய பேட்டரி இருக்கே, எவ்வளவு வேணா அடிக்கலாமே' என்று ஒரு தம்பி கேட்டால் ஆச்சர்யமில்லை. பெரிய பேட்டரி பாட்டுக்கு இல்லைங்க. அது பல நூறு வோல்ட். அதன் ஆரஞ்சு நிற கேபிளைத் தொட்டால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. எலெக்ட்ரிக் காரிலும் ஆடியோ ஓடுவது தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியில்தான். அதை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டிசி-டிசி கன்வெர்ட்டர். கார் கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருக்கும் அளவுக்கு மேல் அதை உறிஞ்சினால் வண்டியே எரர் காட்டி நின்றுவிடலாம், வாரன்டியும் கேள்விக்குறி. என் கருத்து: எலெக்ட்ரிக் காரில் ஸ்பீக்கரை நல்லதாக மாற்றுங்க, கதவுக்குள் டேம்பிங் ஷீட் ஒட்டுங்க. ஆயிரம் வாட் ஆசையை மட்டும் இப்போதைக்கு ஒத்திவைங்க.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. ஸ்டீரியோ, ஸ்பீக்கர் மாற்றுவது ஆர்.சி. விவரத்தில் வராது. ஆனால் பின் சீட்டைக் கழற்றிவிட்டு சப்-ஊஃபர் பாக்ஸ் வைத்தால் சீட் எண்ணிக்கை மாறுகிறது, அது வரும். அடுத்து 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

இன்ஷூரன்ஸில் பலர் கோட்டை விடுகிறார்கள். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால், உங்க கார் எரிந்தால் ஒரு பைசாகூட வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் தீ விபத்து அடக்கம். ஆனால் நீங்கள் தனியாகப் பொருத்திய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கரின் மதிப்பை பாலிசி எடுக்கும்போதே 'எலெக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ்' என்று சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். அதன் மதிப்பில் 4 சதவிகிதம் கூடுதல் பிரீமியம் என்பது நம்ம மோட்டார் டாரிஃப் வைத்த கணக்கு. 30,000 ரூபாய் செட்டுக்கு 1,200 ரூபாய். பில் வாங்கி வையுங்க. பில் இல்லாத வேலையை கிளெய்ம் நேரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடையில் வண்டியை விடும் நாளில்

எலக்ட்ரீஷியன் முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுகிறாரா என்று பாருங்க. கழற்றாமல் கை வைத்தால் நாசூக்கா கேளுங்க, 'அண்ணாச்சி, நெகட்டிவ்வ எடுத்துருவோமா?' என்று. வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன் ஒரு டெஸ்ட். இன்ஜினை ஓடவிட்டு, நல்ல பாஸ் இருக்கும் பாட்டைச் சத்தமாகப் போட்டு, மல்டிமீட்டரில் பேட்டரி முனையில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்க. உடனே ஆம்ப்ளிஃபயர் முனையிலும் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலோ எர்த்திலோ கோளாறு, திரும்பப் பிரிக்கணும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரியில் 12-க்குக் கீழே இறங்குகிறது என்றால், வயரிங்கை எவ்வளவு நல்லா செய்தும் பயனில்லை. உங்க ஆல்டர்னேட்டருக்கு இந்த ஆம்ப்ளிஃபயர் ஜாஸ்தி.

அப்புறம் அரை மணி நேரம் பாட்டு ஓடியபின் ஆஃப் பண்ணிட்டு, புறங்கையை ஃபியூஸ் ஹோல்டர், லக், எர்த் நட்டு ஒவ்வொன்றுக்கும் கிட்டே கொண்டுபோங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை. தொட முடியாத சூடு என்றால் அந்த ஜாயின்ட் லூஸ். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை இதே மாதிரி பாருங்க. வெள்ளைப் பொடி, பச்சைப் பூ எது தெரிந்தாலும் முனையை வெட்டிப் புது லக் அடியுங்க.

ஓட்டும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் ஓரம்கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணி, எல்லாரையும் முதலில் இறக்குங்க. செல்போன், ஆர்.சி. புக் எடுக்கத் திரும்பப் போகாதீங்க. பானெட்டில் புகை வந்தால் முழுசாத் திறக்கக் கூடாது, காற்று உள்ளே போய்த் தீ சட்டென்று பிடிக்கும். கதவு திறக்கலைன்னா சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி அதன் கம்பியால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் குத்துங்க. தூரமாக வந்தபிறகு 101 அல்லது 112. ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கட்டும். டிக்கியில், சப்-ஊஃபர் பாக்ஸுக்குப் பின்னாடி இல்லை.